மூச்சை ஞாபகப்படுத்துகிறவள்

புளியங்கொட்டை அளவே இருந்த அந்தக் குதிகாலைச் சுண்டிக்கொண்டே இருக்கிறாள் ஜெசிந்தா, இது ஆஸ்பத்திரி இல்லை, வீடுதான், குதிகாலிலும் இப்போது கொஞ்சம் சதை பிடித்துவிட்டது, ஆனாலும் கண்ணை மூடினால் அவளுக்குத் தெரிவது அந்தப் பழைய கால், நரம்பெல்லாம் வெளியே தெரிகிற தோலும், ஆக்சிஜன் அளக்க அதில் சுற்றிய பட்டையில் மினுங்கும் சிவப்பு வெளிச்சமும், ஆறாம் மாதம் முடிந்ததும் முடியாததுமாகப் பிறந்த பிள்ளை, முக்கால் கிலோகூட முழுதாக இல்லை, பெயர் வைக்க யாருக்கும் துணிவு வரவில்லை, கண்ணாடிப் பெட்டியின் மேல் ஜெசிந்தா பேபி என்று மட்டும் ஒட்டியிருந்தார்கள், தன் பெயரையே எட்டி நின்று பார்த்துக்கொண்டிருப்பதுபோல் இருந்தது அவளுக்கு.

பிள்ளையின் தொண்டையில் மூச்சுக்காக வைத்திருந்த குழாயை எடுத்த பிறகு ஒரு மத்தியானம் பிளெஸ்ஸி சிஸ்டர் பிள்ளையைத் தூக்கி வந்து அவள் நெஞ்சோடு வைத்துத் துணியால் கட்டினாள், தாய்ச்சூடு வேணும்க்கா, அசையாம சாஞ்சிருங்க, என்றாள், வெதுவெதுப்பாக ஒரு சின்னக் கனம், அத்தனை நாள் வெறிச்சென்று கிடந்த இடத்தில் வந்து உட்கார்ந்துகொண்டது, அந்தச் சுகத்தில் ஜெசிந்தா கண் அசந்துவிட்டாள், கனவில் அவள் வயிறு இன்னும் பெரிதாகவே இருக்கிறது, துறைமுக ரோட்டில் உப்புக்காற்றில் நடக்கிறாள், எங்கோ ஒரு லாரி ரிவர்ஸ் எடுக்கும் சத்தம், கீ கீ என்று நிற்கவே மாட்டேன் என்கிறது, கண் திறந்தால் கத்துவது மெஷின், பிள்ளை நீலம் பாரித்துக் கிடக்கிறது, ஓடிவந்த சிஸ்டர் உள்ளங்காலைச் சுண்டினாள், இன்னொரு தடவை சுண்டினாள், பிள்ளை சிணுங்கி மூச்சை இழுத்தது. ஒண்ணுமில்லக்கா, மூச்சு விட மறந்துட்டா, குறைமாசப் பிள்ளைங்க மறக்கும், நாமதான் ஞாபகப்படுத்தணும், என்று சிஸ்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனாள், ஜெசிந்தாவின் தூக்கம் அன்றோடு போயிற்று.

அதன்பிறகு எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று, இதயத்தருகே மூடாமல் நின்ற ரத்தக்குழாய்க்கு மருந்து, கண்ணுக்கு லேசர், அமலி என்று பெயர் வைத்தது, மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு வீட்டுக்கு வந்தது, ஒரு சளியில் மறுபடி ஆஸ்பத்திரி, மறுபடி தொண்டைக்குள் குழாய், மறுபடி வீடு, எது முன்னே எது பின்னே என்று கேட்டால் அவளால் சொல்ல முடியாது, சோற்றைப் பிசைந்த கையோடு ஓடிவருகிறாள், துணி அலசிய ஈரக்கையோடு ஓடிவருகிறாள், காலைச் சுண்டுகிறாள், நன்றாக உறங்கும் பிள்ளை வீறிட்டு எழும், ஏட்டி, சும்மா உறங்குற பிள்ளைய ஏன் எழுப்புத, என்பான் அவள் புருஷன் சூசைராஜ், உங்களுக்கென்ன தெரியும், என்பாள் இவள், துறைமுகத்தில் கண்டெய்னர் லாரி ஓட்டுகிறவன், பிள்ளையைத் தூக்க அவனுக்குப் பயம், என் கைக்குள்ள நசுங்கிரும், என்று தள்ளியே நிற்பான், பாட்டிலைக் கொதிக்க வைப்பான், ஆக்சிஜன் மெஷினைத் துடைப்பான், தூக்க மட்டும் மாட்டான்.

அவன் வீட்டிலிருந்த ஒரு மத்தியானம் பிள்ளையோடு எழுந்தவளுக்குக் கண்ணை இருட்டிக்கொண்டு வந்தது, சுவர் சாய்கிறது, கை தளர்வது தெரிகிறது, பிள்ளை நழுவுவதும் தெரிகிறது, பிடிக்கத்தான் முடியவில்லை, தரையில் சரிந்து உட்கார்ந்து கண் விழித்தபோது அமலி சூசைராஜின் கைகளில் இருந்தாள், மூக்குக் குழாய் கழன்று தொங்கியது, அவன் முகம் வெளிறிப் போயிருந்தது, ஆனாலும் குழாயை அவனே மெல்லப் பொருத்தி, கன்னத்துப் பிளாஸ்திரியை விரலால் அழுத்தி ஒட்டினான். குடுங்க, என்று கையை நீட்டினாள். தரமாட்டேன், போய்ப் படு. மூச்சு நின்னுட்டுன்னா? கால்ல சுண்டணும், அதானே, உன்னயப் பாத்துப் பாத்து எனக்கும் வந்துட்டு, என்றவன், குரல் இறங்கி, நீயும் விழுந்துட்டா நான் யாரன்னு பாப்பேன், என்றான்.

அவள் பாயில் சாய்ந்தாள், சும்மா கண்ணை மூடத்தான் போகிறேன், உறங்கமாட்டேன், என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள், மெஷினின் முனகல் தூரத்தில் போய்க்கொண்டே இருந்தது, பிறகு ஒன்றுமே இல்லாத ஒரு கனவு, யாரும் அவளைக் கூப்பிடாத கனவு.

விழித்தபோது வெயில் எதிர்ச்சுவருக்குப் போயிருந்தது, பதறி முழங்கையை ஊன்றி எழுந்தாள், அடுத்த அறையில் அமலி பசியில் கத்திக்கொண்டிருந்தாள், இந்தா வந்துட்டு, இந்தா, பால் ஆற வேண்டாமா, பெரிய மகாராணி இவ, என்று சூசைராஜ் அவளோடு மல்லுக்கு நின்றுகொண்டிருந்தான், நுரையீரல் தேற இன்னும் எத்தனை மாதமோ, கண்ணைத் திரும்பவும் காட்ட வேண்டும், எதுவும் முடிந்துவிடவில்லை, ஆனாலும் இப்படிக் கத்துவதற்கு எவ்வளவு மூச்சு வேண்டும், ஜெசிந்தா கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தாள், பிறகு எழுந்து போகாமல் மறுபக்கம் புரண்டு படுத்துப் போர்வையை இழுத்துக்கொண்டாள்.