மூன்றாம் வகுப்பின் காலை ஆகாரம்

முப்பத்தொரு தாளிலும் ஒரே பதில்தான் இருந்தது. பால், முட்டை, ஆரஞ்சு.

காலையில் என்ன சாப்பிட்டோம், இடைவேளையில் என்ன தின்றோம் என்று உள்ளபடி எழுதச் சொல்லியிருந்தாள் புஷ்பமேரி டீச்சர். போன வாரம் அவள் சுவரில் மாட்டிய சத்துள்ள உணவுகளின் படத்தைப் பிள்ளைகள் அப்படியே இறக்கி வைத்திருந்தார்கள். பதினொரு மணிக்குக் கண் இருட்டி மேசையில் சாய்கிற ஷம்ஷாத்கூட முட்டை தின்றிருந்தாள்.

அந்தத் தாள்கள் மறுநாள் தபாலில் போக வேண்டியவை. பிள்ளைகளுக்குக் கரைத்துக் கொடுக்கிற வெளிநாட்டுப் பால்பவுடரை எந்தப் பள்ளிக்கு நிறுத்துவது, எதற்குத் தொடர்வது என்று அவற்றைப் பார்த்துத்தான் மேலிடத்தில் முடிவு செய்வார்கள். தலைமையாசிரியர் ஜெபதுரைக்கு வாயெல்லாம் பல். பாடம் நன்றாக ஏறியிருக்கிறது என்றார். இப்படியே போனால் பால் நின்றுவிடும் என்று அவள் சொன்னதும் முகம் மாறியது. நம் பிள்ளைகள் பட்டினி கிடக்கிறார்கள் என்று ஊர் உலகத்துக்கு எழுதிக் கொடுக்கச் சொல்கிறீர்களா என்று கேட்டார்.

"நாளைக்குள்ள வேற எழுதி வாங்கிர்றேங்க சார்," என்றாள்.

மறுநாள் காலை வகுப்பில், பொய் எழுதக் கூடாது என்று அதட்டினாள். ஆரஞ்சை அடித்துவிட்டு ஆப்பிள் எழுதினார்கள். எவ்வளவு அதட்டினாலும் இன்னும் உயர்ந்த பழமாகத்தான் வரும் என்று அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. சரியான விடை ஒன்று உண்டு என்று சொல்லிக்கொடுத்தவளே அவள்தானே.

கரும்பலகையைத் துடைத்தாள். 'புஷ்பமேரி. காலை: கடுங்காப்பி, நேற்று வாங்கிய பன்' என்று எழுத ஆரம்பித்தவளுக்குப் பாதியில் கை நின்றது. பாலசமுத்திரத்தில் இருக்கும் அம்மாவுக்கு ஞாயிறு தவறாமல், வேளாவேளைக்கு நன்றாகச் சாப்பிடுகிறேன் என்று எழுதுகிற அதே கை. தானும் ஒரு படத்தைப் பார்த்துத்தான் இத்தனை நாள் எழுதி வந்திருக்கிறோமோ என்று தோன்றியது. ஆனாலும் எழுதி முடித்தாள்.

கடைசி வரிசையிலிருந்து நசுருதீன் எழுந்தான்.

"நேத்துப் பன்னு கல்லு மாதிரி கெடக்குமே டீச்சர்?"

"கெடக்கும். காப்பியில முக்குனா எறங்கிரும்."

"ரொம்ப முக்கக் கூடாது டீச்சர். காப்பி பூராத்தையும் அதுவே குடிச்சிரும்."

"ஏலே, டீச்சருக்கே சொல்லித் தாரான் பாரு," என்று யாரோ சொல்ல, வகுப்பே சிரித்தது. அதற்குப்பின் அவர்கள் வாயை அடைக்க முடியவில்லை. பாவாடையில் மண்ணைத் துடைத்துக் கடிக்கிற கேரட், அடுப்புச் சாம்பலில் சுட்ட உருளைக்கிழங்கு, உப்பைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போய்த் தின்கிற பிளம்ஸ் பிஞ்சு, நாக்கு நீலமாகும்வரை காட்டில் பறித்துத் தின்கிற தவிட்டுப்பழம். குருவி கொத்தாத பழத்தைத் தொடக் கூடாது என்றாள் ஒருத்தி. பிஞ்சு மூன்றுக்கு மேல் போனால் வயிறு போகும் என்று விரல் விட்டுக் காட்டினான் இன்னொருவன். எல்லாவற்றையும் எழுதச் சொன்னாள் டீச்சர்.

ஷம்ஷாத் மட்டும் பென்சிலை எடுக்கவில்லை. புஷ்பமேரி அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். ஷம்ஷாத் சொன்னது டீச்சருக்கு மட்டும் கேட்டது.

"நான் தண்ணிதான் டீச்சர். வெள்ளனே குடிச்சா இடைவேளை வரைக்கும் தாங்காது. மொத பெல்லு அடிக்கிறப்பக் குடிக்கணும்."

"அதையே எழுதும்மா."

மத்தியானம் ஜெபதுரை ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். கேரட்டுக்கும் கிழங்குக்கும் லேசாகச் சிரிக்கக்கூடச் செய்தார். ஷம்ஷாத்தின் தாள் வந்ததும் கண்ணாடியைக் கழற்றினார்.

"இந்த ஒண்ண மட்டும் எடுத்துருவோம் டீச்சர்."

"அது இல்லாம மத்தது போக வேண்டாங்க சார்."

அப்படியானால் எதுவுமே போகாது என்றார் அவர். அவளுக்கு வேலை நிரந்தரமாகி ஆறு மாதம்கூட ஆகவில்லை. மணி அடித்தது. வகுப்பின் இரைச்சல் வராந்தாவைத் தாண்டிக் கேட்டது. அவள் அசையவில்லை.

தபால் எடுக்க இன்னும் கால் மணிதான் இருந்தது. ஜெபதுரை அவளைப் பார்க்காமல் ஷம்ஷாத்தின் தாளை மற்றவற்றோடு சேர்த்து, கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்தார்.

மை காயும்வரை நின்றாள். பிறகு தாள்களை உறையிலிட்டுத் தானே எடுத்துக்கொண்டு, தபாலாபீஸ் ஏற்றத்தில் வெரசாக நடந்தாள்.