பச்சோந்தியப் பாக்க வந்தவங்க

வேலில போற ஓணானை எடுத்து வேட்டிக்குள்ள வுட்ட கதைன்னு சொல்லுவாங்களே, அது எங்க வூட்லயே நடந்துச்சு. ஓணான்கூட இல்ல, பச்சோந்தி. வுட்டது என் கூடப்பொறந்த தம்பி சரவணகுமாரு.

"மாமாவுக்குத்தான்க்கா. சும்மாவே படுத்துகினு கீறாரே, பொழுது போவும்"னு ஒரு வலைக்கூண்டத் தூக்கியாந்து அவரு கட்டிலாண்ட வெச்சான். வெளிநாட்டு ரகமாம், வளக்கறதுக்கு கவருமெண்டு பேப்பரெல்லாம் சரியா கீதாம். கிண்ணத்துல தண்ணி வெச்சா குடிக்காதாம், எலைல தெளிச்சா அந்தச் சொட்டத்தான் நக்குமாம். வெயிலுக்குன்னு தனி லைட்டாம். உசுரோட கீற பூச்சிதான் துன்னுமாம், அதுக்கும் சத்து மாவு தூவிக் குடுக்கணுமாம்.

"டேய், உன்ன வளத்தப்பகூட நான் இவ்ளோ பாடு பட்டதில்லடா!"

அன்னிக்கே கூண்டோட அவன் பைக்ல கட்டி அனுப்பியிருப்பேன். ஆனா எங்க வூட்டுக்காரரு சின்னராசு மொள்ள இந்தப் பக்கம் திரும்பி, "இது இன்னா பூச்சி துன்னும்?"னு கேட்டாரு. நான் அந்த லைட்டுக்கு வயரு சொருவ எடம் தேடினேன்.

கம்பெனிக்கு ஆளுங்கள ஏத்திகினு போற வேன் ஓட்டிகினு இருந்தாரு. படாளத்தாண்ட ஒரு லாரிக்காரன் வந்து இடிச்சதுல, வலது காலு முட்டிக்குக் கீழ போச்சு. ஆஸ்பத்திரிலேர்ந்து வந்ததுலேர்ந்து செவுத்தப் பாத்துகினே படுத்துகினு இருந்தாரு. பேச்சு கெடயாது. ரெண்டு வாய் துன்னா பெருசு. மனுசன் இப்டியே கரைஞ்சி பூடுவாரோன்னு நான் வயித்துல நெருப்பக் கட்டிகினு இருந்தேன். அப்டிப்பட்டவரு வாயத் தொறந்து கேட்டா, பச்சோந்தி இன்னா, மொதலையே வந்தாலும் வெச்சிப்பேன்.

ஆனா ஜனங்க வுடணுமே! ஏற்கெனவே கால விசாரிக்கறேன்னு ஆப்பிளும் ஹார்லிக்ஸுமா ஒரே கூட்டம். வந்தவங்க சும்மா போறதில்ல. "போர்வைய வெலக்கு, எது வரைக்கும் எடுத்துட்டாங்க பாப்போம்"னு ஒருத்தரு, "பிரேக் புடிச்சிருக்கலாமே"ன்னு ஒருத்தரு. இப்ப பச்சோந்தி வந்துச்சா, சிங்கப்பெருமாள் கோயில் ஊரே எங்க வூட்டுக்குள்ள கீது. "கலரு மாத்தச் சொல்லு"ன்னு கூண்டத் தட்டறாங்க. பக்கத்து வூட்டு சம்பூர்ணம் அக்கா சேப்புப் பொடவைய மேல போத்தி, "இன்னாடி, சேப்பாவ மாட்டேங்குது?"ன்னு என்னையக் கேக்குது. நானா அதுக்கு பெயிண்ட் அடிக்கறேன்?

சேப்பாவல, கறுத்துப் போச்சு. கண்ணு ரெண்டும் உள்ள பூந்துகிச்சு. பூச்சிய மூக்காண்ட காட்னாலும் துன்னல. அத்தப் பாத்து இவரும் தட்டத் தள்ளிட்டு மறுபடி செவுத்துப் பக்கம் திரும்பிகினாரு.

"கண்ணு பட்டுடுச்சிடி செல்வி"ன்னு சம்பூர்ணம் அக்கா உப்பும் மொளகாயும் சுத்தி, கூண்டாண்டயே நெருப்புல போட்டுச்சு. வூடெல்லாம் நெடி. பச்சோந்தி வாயப் பொளந்துகினு நிக்குது, இவரு இருமி இருமிக் கண்ணுல தண்ணி. எனக்கு வந்துச்சே ஆத்திரம்! நெருப்புச் சட்டிய எடுத்துகினு போயி தெருவுல கடாசினேன்.

செங்கல்பட்டுல ரூத்துன்னு ஒரு மிருக டாக்டரு. தம்பி வீடியோ கால் போட்டுக் காட்னான். அந்தம்மா மருந்து எதுவும் சொல்லல. "ஒரு நாளைக்கு எத்தினி பேரு வந்து பாக்கறாங்க?"ன்னுதான் கேட்டாங்க.

"ஊரே பாக்குதும்மா."

"அதான் கறுக்குது. யாராவது உத்துப் பாத்தா, நம்மளத் துன்ன வந்துட்டாங்கன்னு பயந்துக்கும். பயந்தா சாப்டாது, தண்ணியும் குடிக்காது. உயரத்துல வெச்சி, சுத்தித் துணி கட்டுங்க. எலைல தண்ணி சொட்டட்டும். பொக கூடாது. யாரும் பாக்கக் கூடாது. இப்டியே வுட்டா பொழைக்காது."

சம்பூர்ணம் அக்கா இடுப்புல கை வெச்சிகினு, "நான் இன்னா சொன்னேன்? கண்ணுதான்!"னுச்சு. "சரிக்கா, கண்ணுதான். அந்த ஸ்டூல இப்டித் தள்ளு"ன்னேன்.

கூண்ட ஸ்டூலு மேல ஏத்தி, பழைய பொடவையக் கட்டி மூடினேன். கட்டி முடிக்கல, மகாபலிபுரத்துலேர்ந்து இவரு சித்தப்பா குடும்பமே வேன் எடுத்துகினு வந்து எறங்குது.

"எங்கம்மா பச்சோந்தி?"

"டாக்டரு யாரும் பாக்கக் கூடாதுன்னுட்டாங்க மாமா."

"அட, அது கெடக்கட்டும். நம்ம சின்னராசு காலக் காட்டு, பாத்துட்டுப் போறோம்."

இவரு கை போர்வைய இறுக்கிப் புடிச்சிச்சு. எத்தினி பேருக்கு நானே அந்தப் போர்வைய வெலக்கிக் காட்டியிருப்பேன்!

"யாரும் எதையும் பாக்க வேணாம். கெளம்புங்க."

"டாக்டரு சொன்னது பச்சோந்திக்குத்தானேம்மா?"

"ரெண்டுக்குந்தான்!"

வெரட்டி வுட்டு கேட்டப் பூட்டினேன். திமிரு புடிச்சவன்னு மகாபலிபுரம் வரைக்கும் பேசிகினு போயிருப்பாங்க, போவட்டும். கொடில கெடந்த இன்னொரு பொடவைய எடுத்து, இவரு கட்டிலையும் கூண்டையும் சேத்து மறைக்கறாப்ல குறுக்கால தெர மாரி கட்டினேன்.

மறுநாளு காலைல நாஸ்தாவுக்கு ரெண்டு இட்லி எடுத்துகினு போனேன். "வராத"ன்னு பொடவைக்கு உள்ளேர்ந்து கொரலு. "இடுக்குல பாத்தேன், பச்சையாய்கினு வருது. எலைல தண்ணி நக்குது. நீ பாத்தா கறுத்துடும்."

"யோவ், ஊரையே வெரட்டினவ நானு. எனக்கே தடையா?"

"ஒனக்குந்தான். தட்டத் தள்ளு."

எப்டிக் கீது பாருங்க! தரையில தட்ட வெச்சி, பொடவைக்கு அடியில தள்ளினேன். கை வந்து இழுத்துகிச்சு. நான் அங்கயே குந்திகினு இருந்தேன். கொஞ்ச நேரத்துல தட்டு காலியா வெளிய வந்துச்சு.

"இன்னும் நாலு வையி."

மாவு இல்ல. வந்த கும்பலுக்கெல்லாம் ஊத்தி ஊத்தியே தீத்துட்டேன். பாழாப்போனவங்கன்னு திட்டிகினே, அழுதுகினே மாவு வாங்க ஓடினேன்.