வேகாத கிழங்குகளின் வாசனை

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் முட்டாள்தனத்தில் பிறந்தது. போன வாரம் நான்கு உருளைக்கிழங்குகளைக் கழுவி, முள்கரண்டியால் குத்தி, எண்ணெயும் உப்பும் தடவி ஓவனில் வைத்துவிட்டு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். உள்ளே மஞ்சள் விளக்கு எரிந்தது. அரைமணி நேரத்தில் வாசனைகூட வந்தது. ஒருமணி நேரம் கழித்துத் திறந்தால் கிழங்குகள் ஜில்லென்று இருக்கின்றன. என் ஓவன் பழசு. டைமரைத் திருப்பினால்தான் சூடேறும். விளக்கு மட்டும் சும்மாவே எரியும். நான் டைமரைத் திருப்பவில்லை.

அப்படியென்றால் அந்த வாசனை எங்கிருந்து வந்தது? அதைக் கண்டுபிடிக்கத்தான் எழுத உட்கார்ந்தேன்.

2

முதல் தொடக்கம்: "மழை வரும்போல் இருந்த ஒரு சாயங்காலத்தில் கதவைத் தட்டியவள்..." வேண்டாம். யார் கதையில்தான் மழை வராமல் இருந்திருக்கிறது?

இரண்டாம் தொடக்கம்: "ஊரையெல்லாம் மாடியேற்றி இறக்கிய அந்த மெக்கானிக், தன் வாழ்க்கையில் மட்டும்..." சீச்சீ.

நேராகவே வருகிறேன். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். தங்கைக்குப் பொய்ப்பல் செய்கிற இடத்தில் வேலை. இருவருக்கும் மூன்று வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லை. அப்பா ஆஸ்பத்திரியில் நான்கு நாள் கிடந்தபோது அவள் வேறு ஊரில் விடுதியில் தங்கிக் கடைசிப் பரீட்சை எழுதிக்கொண்டிருந்தாள். படிப்பு கெட்டுவிடுமே என்று அண்ணன் அவளுக்குச் சொல்லவில்லை. அவள் வந்து சேர்ந்தபோது கொடியில் அப்பாவின் சட்டைகள்தான் இருந்தன.

பரீட்சையில் பாஸானாள். அண்ணன் இருக்கிற அப்பா வீட்டு முகவரிக்கு வந்த சான்றிதழை வாங்கிக்கொள்ளக்கூட அவள் வரவில்லை. இப்போது தூரத்து ஊரில் ஒரு பெரிய வேலை கிடைத்திருக்கிறது. அங்கே அதைக் கேட்கிறார்கள். நாளைக்குக் கிளம்புகிறாள். அதனால் வந்தாள்.

"சாப்பிட்டுட்டுப் போ, பாப்பா."

"பசிக்கல."

"கிழங்கு வைக்கிறேன்."

அவள் சான்றிதழ் உறையைப் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்தாள். "வேகற வரைக்கும் இருக்கேன். அதுக்கு மேல ஒரு நிமிஷம் இருக்க மாட்டேன்."

3

(ஓர் அடிக்குறிப்பு. அடியில் போட்டால் யாரும் படிப்பதில்லை, அதனால் நடுவிலேயே போடுகிறேன். இந்த வீட்டில் கிழங்கு சுடுவதில் வேலைப் பிரிவினை உண்டு. கழுவி, குத்தி, எண்ணெய் தடவி உள்ளே வைப்பது அண்ணன். டைமரைத் திருப்புவது தங்கை. எட்டு வயதில் அழுது அடம்பிடித்து வாங்கிய உரிமை அது. அவள் போன பிறகு அவன் அந்த ஓவனைத் தொட்டதே இல்லை.)

அன்று அவன் தன் வேலையைச் செய்தான். சூட்டை இருநூறில் வைத்தான். இதுவும் என் ஓவன் மாதிரிதான். விளக்கு எரிந்தது. அவள் இடத்தைவிட்டு அசையவில்லை.

இங்கே எனக்கு அண்ணன்மேல் சந்தேகம். "வெளக்கு எரிஞ்சா லிஃப்ட் ஓடும்னு அர்த்தமில்ல சார்" என்று தினமும் பத்துப் பேருக்குப் பாடம் எடுக்கிறவன் டைமரை மறந்தானா, வேண்டுமென்றே விட்டானா? கேட்டுப் பார்த்தேன். எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டே இருந்தான். அழுத்தக்காரன்.

4

இருவரும் ஓவனுக்கு எதிரே உட்கார்ந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் மெல்லத் தணிந்தது. சமையலறை விளக்கைப் போட யாருக்கும் மனம் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் நான்கு கிழங்குகளும் எண்ணெய் மினுங்க, போர்வையை உதறிவிட்டுத் தூங்கும் குழந்தைகள் மாதிரி படுத்திருந்தன. பார்த்துக்கொண்டே இருந்தால் மூச்சு விடுவதுபோலத் தோன்றியது. முதலில் அவளுக்கு வாசனை வந்தது, தோல் மொறுமொறுப்பாகிற வாசனை. பிறகு அவனுக்கும். பக்கத்து அறையில் அப்பா பேப்பரை மடித்துவைத்துவிட்டு எழுந்து வரப்போகிறார் என்று இருவருக்குமே தோன்றியது.

"அண்ணா, அப்பா என்னைக் கேட்டாரா?"

மூன்று வருஷமாக அவன் பயந்துகொண்டிருந்த கேள்வி. நினைவே இல்லை என்று சொன்னால் தப்பிக்கலாம். அவளுக்கும் வலி குறையும். கேட்டார் என்றால் இருக்கிற கொஞ்சநஞ்ச ஒட்டும் அறுந்துபோகும். நான் அவனுக்காகப் பொய்யைத்தான் எழுதினேன், நான்கு வரி, நன்றாகவே வந்திருந்தது. அவன் வாயைத் திறக்க மறுத்துவிட்டான். அந்த வரிகளை அடித்துவிட்டேன்.

"கேட்டாரு. தினமும் கேட்டாரு. பாப்பா வந்துகிட்டே இருக்கான்னு சொன்னேன்."

"நாலு நாளுமா?"

"நாலு நாளும். கடைசி நாள் கதவுப் பக்கமே திரும்பிப் படுத்திருந்தாரு." அவன் தரையைப் பார்த்தான். "பரீட்சை அடுத்த வருஷமும் வரும்னு எனக்குத் தோணாமப் போச்சு, பாப்பா. என் தப்புதான்."

5

முடிவு ஒன்று: அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விடுகிறாள். நியாயம்தான். கதவுவரை நடக்கவைத்துப் பார்த்தேன். அதற்குமேல் எனக்கு எழுத வரவில்லை.

முடிவு இரண்டு: அண்ணன் தோளில் சாய்ந்து அழுகிறாள், அவனை மன்னி... வேண்டாம். மூன்று வருஷத்தை மூன்று வரியில் கழுவ முடியாது.

நடந்தது இவ்வளவுதான். அவள் முகத்தை மூடாமல், அவனைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் அழுதாள். பிறகு எழுந்து, கிழங்கு வெந்திருக்கும் என்று ஓவனைத் திறக்கப் போனாள். கண்ணாடியில் கை பட்டதும் நின்றாள். ஜில்லென்று இருந்தது. டைமரைப் பார்த்தாள். பூஜ்யத்தில் இருந்தது.

"வாசனை வந்துச்சே."

"எனக்கும் வந்துச்சு," என்றான் அண்ணன்.

வேகும்வரை இருப்பதாகச் சொன்னவள் அவள். இன்னும் வேகவே ஆரம்பிக்கவில்லை. தன் பழைய உரிமையின்மேல் கையை வைத்தாள். திரும்பிப் பார்க்காமலே கேட்டாள்:

"எவ்வளவு நேரம் வைக்கட்டும்ணா?"

கிழங்குக்கு அறுபது நிமிஷம் போதும். டைமரில் நூற்றிருபதுவரை இருக்கிறது. அண்ணன் வாயெடுக்கிறான், எண் வரவில்லை. என்னைக் கேட்டுப் பயனில்லை. என் கிழங்குகளை நான் அன்றைக்குப் பச்சையாகவே கூடையில் திருப்பிப் போட்டுவிட்டேன். நீங்களாவது சொல்லுங்கள். அவள் இன்னும் கையை எடுக்கவில்லை.