சாப்டாச்சாம்மா

ஆராய்ச்சி வார்டுக்கு நர்ஸ் மூளையைக் கொண்டுவர வேண்டியதில்லை. அதற்குத்தான் டேப்லெட் இருக்கிறது. நோயாளியின் சர்க்கரை அளவைப் போட்டு, அது கேட்கும் கேள்விக்குப் பதில் தட்டினால், எத்தனை யூனிட் இன்சுலின் என்று அதுவே சொல்லிவிடும். ஊசி போடுவது மட்டும் என் வேலை. தேனியில் எங்கள் மருத்துவமனைக்கு இந்த ஆராய்ச்சி வந்தபோது, "கணக்கு தப்பாது ஷீபா சிஸ்டர்" என்றார் டாக்டர் எபனேசர். கணக்கு தப்பவில்லைதான்.

பேச்சிமுத்து சின்னமனூரில் வாழை போட்டிருப்பவர். கால் புண்ணோடு வந்து, கையெழுத்துப் போட்டு ஆராய்ச்சியில் சேர்ந்தவர். கிட்னியும் கொஞ்சம் பலவீனம். செவ்வாய்க்கிழமை மதியம் அவருக்குச் சர்க்கரை இருநூற்றுப் பன்னிரண்டு. 'உணவு உட்கொண்டாரா?' என்று கேட்டது திரை. அப்படியெல்லாம் யார் பேசுகிறார்கள்? அவர் அரைத் தூக்கத்தில் இருந்தார். பக்கத்தில் நின்ற மனைவி சந்தனம்மாளிடம் நம் ஊர் வழக்கப்படி கேட்டேன்.

"சாப்டாச்சாம்மா?"

"ஆச்சு தாயி. நீங்க சாப்டீகளா?"

"ஆச்சும்மா."

'ஆம்' என்று தட்டினேன். எட்டு யூனிட் என்றது. போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போனேன். 'இல்லை' என்று தட்டியிருந்தால் இரண்டு யூனிட்தான் சொல்லியிருக்கும்.

ஒன்றரை மணி நேரத்தில் சந்தனம்மாள் ஓடி வந்தார். "அவுக வேர்த்துக் கெடக்காக தாயி. கூப்புட்டா ஏன்னு கேக்கல."

சர்க்கரை இருபத்துநாலு. குளுக்கோஸ் ஏற்றினோம். அளவு ஏறியது, பேச்சிமுத்து கண் திறக்கவில்லை. கட்டிலுக்கு அடியில் கஞ்சித் தூக்கு மூடி திறக்காமலே இருந்தது.

"வேணாம்னு மொகத்தத் திருப்பிக்கிட்டாக" என்றார் சந்தனம்மாள்.

"சாப்டாச்சுன்னு சொன்னீகளேம்மா."

"என்னயத்தான கேட்டீக? நானும் ஒண்ணும் திங்கல. அதுக்காக, கேட்டவுககிட்ட இல்லன்னா சொல்லுவாக?"

அன்று மதியம் நானும் சாப்பிட்டிருக்கவில்லை.

"சாப்ட்வேர் மேல தப்பில்ல. உள்ள போன தகவல்தான் தப்பு" என்றார் டாக்டர். "உறவினர் தவறான தகவல் தந்தார்னு எழுதிருங்க சிஸ்டர்."

எழுதினேன். வேலை போய்விடுமே என்று பயந்து, என் கையாலேயே எழுதினேன். என்னை நினைத்தால் எனக்கே அருவருப்பாக இருக்கிறது.

இன்று ஐந்தாம் நாள். நினைவு இனித் திரும்பாது என்று காலையில் சொல்லிவிட்டார்கள். அந்தத் தாளைப் பற்றி சந்தனம்மாளுக்குத் தெரியாது. புருஷனின் காலைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தவர், நான் உள்ளே போனதும் நிமிர்ந்து பார்த்தார்.

"மொகம் வாடிக் கெடக்கே தாயி. சாப்டீகளா?"

காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் பல்லில் படவில்லை.

"ஆச்சும்மா" என்றேன்.