அறுநூத்தி எம்பது

துஷாந்தினிக்கு உயர்தரப் பரீட்சையில பௌதிகவியல்ல ஏ. பூனாகலைப் பக்கம் அந்தத் தோட்டத்துல அதுவரைக்கும் யாருக்கும் வராத ஏ. அது வந்ததுலேருந்து புள்ளைக்குத் தலை கொஞ்சம் மேலதான் நின்னுச்சு, பொய் சொல்லக்கூடாது.

அப்பா வீரய்யா தேயிலை ஃபெக்டரியில கரண்ட் வேலை பார்க்கிறவர். முப்பது வருசமா மோட்டாரோடயே கெடக்கிற மனுசன், ஆனா இங்கிலீஷ் எழுத வராது. மாசாமாசம் ஒவ்வொரு மோட்டாரையும் மீட்டர் வச்சு சோதிச்சு, வந்த இலக்கத்தைக் கொழுந்து நிறுத்த சீட்டோட முதுகுல பென்சிலால குறிச்சுக்கிட்டு வருவார். மக அதைப் பார்த்து ஆபீஸ் ஃபாரத்துல இங்கிலீஷ்ல எழுதிக் கொடுப்பா. தோட்டத்துல இதெல்லாம் பழக்கம். புள்ள எழுதும், தகப்பன் கையெழுத்துப் போடுவான். ஆபீசுக்கும் தெரியும், ஒருத்தரும் கேட்டதில்ல.

பழைய மீட்டர்ல ஒரு முள்ளு உண்டு. அது காட்டுறது மெகா ஓம் மட்டும்தான். முள்ளு ஒண்ணுக்குக் கீழ எறங்கினா மோட்டாருக்குள்ள ஈரம் பூந்துருச்சு, கரண்ட் வெளிய கசியும்னு அர்த்தம். வீரய்யா யாரையும் கேட்காம கழட்டிக் காயவச்சுருவார். போன ஐப்பசியில நிர்வாகம் புது மீட்டர் கொடுத்துச்சு. அதுல முள்ளே கிடையாது, வெறும் இலக்கம். அளவுக்குத் தக்கபடி கிலோ ஓம், மெகா ஓம்னு அதுவே மாத்திக்கிட்டு ஓரத்துல பொடிசா ஒரு எழுத்தைக் காட்டும். அந்த எழுத்துலதான் விசயமே இருக்குன்னு சொல்லிக் கொடுக்க ஒருத்தருக்கும் வாய் வரல. மீட்டரைக் கையில திணிச்சதோட அவங்க கடமை முடிஞ்சுது.

அந்த மாசச் சீட்டுல, கொழுந்து வாட்டுற மாடியில இருந்த மூணாவது காத்தாடி மோட்டாருக்கு நேரா அறுநூத்தி எம்பதுன்னு போட்டு, பக்கத்துல இங்கிலீஷ் கே எழுத்தைக் கோலம் மாதிரி வரைஞ்சிருந்தார். துஷாந்தினி சிரிச்சுட்டா. இது என்னப்பா பூச்சின்னு கேட்டா. மீட்டர்ல அப்படித்தான் இருந்துச்சு, பாத்துத்தான் எழுதினேன்னார் வீரய்யா. ஃபாரத்துல மெகா ஓம்னு தலைப்பே அச்சடிச்சிருக்கு, அதுக்குள்ள இது வேறயான்னு அவ அந்த எழுத்தை விட்டுட்டு இலக்கத்தை மட்டும் எழுதினா. அப்பாவுக்கு என்ன தெரியும்ங்கிற நெனப்புதான், வேற என்ன?

மனுசன் அப்பவும் விடல. மோட்டார் நல்லா இருக்கா, கழட்டிக் காயவைக்கணுமான்னு கேட்டார்.

"அறுநூத்தி எம்பதுப்பா. புது மோட்டார் கூட இப்படிக் காட்டாது. நீங்க சும்மா இருங்க."

படிச்ச புள்ள சொல்லுதேன்னு அவரும் சும்மா இருந்தார்.

அடுத்த வாரம் விடாத மழை. மாடியில கொழுந்து பரப்பிக்கிட்டு இருந்த ஜீவராணி, ஈரக்கையோட அந்த மோட்டார் மேல கையை ஊன்றினா. அவ்வளவுதான். ஒரே லயத்துல ரெண்டு வீடு தள்ளி இருந்தவ. துஷாந்தினி பரீட்சைக்குப் படிச்ச நாள்ல அத்தைங்கிற உரிமையில தேத்தண்ணி கொண்டுவந்து வச்சவ. பாவி மக, அவ சாவுக்குத் தான் எழுதாம விட்ட அந்தக் கே எழுத்துதான் காரணமோன்னு துஷாந்தினி அழக்கூட முடியாம நின்னா.

விசாரணைக்குக் கொழும்புலேருந்து மதுசூதனன்னு ஒரு எஞ்சினியர் வந்தார், யாழ்ப்பாணத்துக்காரர். அப்பனையும் மகளையும் ஆபீசுக்குக் கூப்பிட்டாங்க. அப்போ துஷாந்தினிக்குப் பசறைப் பக்கம் ஒரு ஸ்கூல்ல டீச்சர் வேலைக்கு லெட்டர் வந்து ரெண்டே நாள். இருந்தாலும் உண்மையைச் சொல்லிடணும்னுதான் போனா.

"மழைக்கால ஈரத்திலே நிண்ட மோட்டர் அறுநூற்றெண்பது மெகா ஓம் காட்டாது," என்றார் எஞ்சினியர். "கிலோ ஓமாத்தான் இருந்திருக்கும். நீங்கள் குறிச்ச துண்டுச் சீட்டு எங்கே?"

மக வாயைத் திறக்குமுன்னே வீரய்யா முந்திக்கிட்டார். "அடுப்புல போட்டுட்டேங்க ஐயா. நான்தான் அந்த எழுத்தைப் பாக்காம விட்டுட்டேன். மக நான் சொன்ன நம்பரை எழுதுச்சு, அதுக்கு ஒண்ணும் தெரியாது."

துஷாந்தினி தலையைக் குனிஞ்சா. குனிஞ்ச தலை நிமிரல. பேசியிருக்கலாம், பேசல. முப்பது வருச வேலை அந்த மேசையிலேயே போயிருச்சு. ஜீவராணி புருசன் அதுக்கப்புறம் வீரய்யா இருக்கிற பக்கமே திரும்புறதில்ல.

ஸ்கூலுக்குப் போற முதல் நாள் காலையில, சேலை கட்டிக்கிட்டு வாசல்ல நின்ன மகளை வீரய்யா நிறுத்தினார்.

"ஒண்ணு கேக்கணும் புள்ள. அறுநூத்தி எம்பது கிலோன்னா, மெகாவுல எவ்வளவு?"

"ஆயிரத்தால வகுக்கணும்ப்பா. புள்ளி ஆறு எட்டு."

"ஒண்ணுக்குக் கொறச்சலா?"

"ஆமாப்பா."

வீரய்யா சட்டைப் பையிலேருந்து மடிச்ச சீட்டை எடுத்தார். அடுப்புல போட்டதாச் சொன்ன அதே சீட்டு. அறுநூத்தி எம்பதுக்குப் பக்கத்துல அந்தக் கே அப்படியே இருந்துச்சு.

"அப்ப நான் சரியாத்தான் எழுதியிருக்கேன்," என்றார். சீட்டை அவ கையில வச்சு, பஸ்ஸுக்கு நேரமாச்சு, கிளம்புன்னார்.