தங்கை கணவர் பெயரில் ஒரு விலா எலும்பு

குளிக்கும்போது சோப்பு வழக்கமாக வழுக்கிப் போகும் இடத்தில் ஒரு நாள் தடுக்கி நின்றது. இடது மார்புக்குக் கீழே, விலா எலும்பின் மேல், சட்டைப் பொத்தானைவிடச் சற்றுப் பெரிய மேடு. அழுத்தினேன். வலிக்கவில்லை. வலித்திருந்தால் மரியாதையாக இருந்திருக்கும். சுளுக்கு என்று சொல்லித் தைலம் தேய்த்துக்கொள்ளலாம். வலிக்காமல் கல் மாதிரி உட்கார்ந்திருப்பது நல்ல எண்ணத்தோடு வந்ததாகத் தெரியவில்லை.

வேறு சமயமென்றால் பொருட்படுத்தியிருக்க மாட்டேன். ஆனால் மகளுக்கு வரன் முடிவாகியிருந்தது. சம்பந்தி தயங்கித் தயங்கி, "உங்க குடும்பத்துல யாருக்காவது ஏதாவது வியாதி உண்டா?" என்று கேட்டபோது, "எங்க பரம்பரையில ஜலதோஷம்கூட எட்டிப் பாத்ததில்ல" என்று முதுகை நிமிர்த்திச் சொன்னவன் நான். அவர் முகம் ஏனோ வாடியது. எங்கள் உயரத்தைக் கண்டு மலைத்துவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன். என் வாக்கின் மேல் நின்ற கல்யாணம் இப்போது என் விலாவின் மேல் நின்றது.

மனைவியிடம் சொன்னால் தெருவுக்குத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வழக்கமான டாக்டரோ சம்பந்தியோடு காலையில் நடை போகிறவர். ஆகவே பஸ் மாறி பஸ் ஏறி, யாரும் என்னை அறியாத ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனேன். வரவேற்பில் இருந்த பெண் பெயர் கேட்டாள். சொந்தப் பெயரைக் கொடுக்க எனக்கென்ன பைத்தியமா? தங்கை கணவரின் பெயரைக் கொடுத்தேன். நல்ல மனிதர்தான். ஆனால் வேறு வீட்டில் பிறந்தவர். அவர் பெயர் கெட்டால் எங்கள் குடும்பத்துக்கு ஒன்றும் குறைந்துவிடாது.

காத்திருக்கும் அறையில், முன் வரிசையில் ஒருவர் செய்தித்தாளை முகத்துக்கு நேரே பிடித்து, பக்கத்தைத் திருப்பாமலே படித்துக்கொண்டிருந்தார். தங்கை கணவரின் பெயரை அழைத்தார்கள். எழுந்தேன். செய்தித்தாளும் எழுந்தது. அதற்குப் பின்னால் என் தம்பி.

"நீ எங்கடா இங்க?"

"ஒரு நண்பரைப் பாக்க வந்தேன். நீங்க, அண்ணா?"

"நானும்தான்."

வரவேற்புப் பெண் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். "ரெண்டு பேரும் ஒரே பேரு குடுத்திருக்கீங்க. இதுல யாரு சார் அவரு?"

"இவரு" என்று இருவரும் ஒருவரையொருவர் காட்டினோம்.

தம்பி குரலைத் தாழ்த்தினான். "அண்ணா, நடிச்சது போதும். எனக்கு இடது விலா. உங்களுக்கு?"

டாக்டர் எங்கள் மகள் வயதுப் பெண். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்துச் சட்டையைக் கழற்றச் சொன்னார். தடவிப் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார்.

"ரெண்டு பேருக்கும் அதே எலும்புதான். முனையில ரெண்டாப் பிரிஞ்சிருக்கு. பிறந்ததிலேருந்தே இருக்கு, இப்போ உடம்பு இளைச்சதால கைக்குத் தட்டுப்படுது. ஒண்ணும் செய்யாது."

நான் கல்யாண அலைச்சலில் இளைத்திருந்தேன். தம்பி இளைப்பதற்கு அவன் மனைவியின் சமையலே போதும்.

"ஆனா வலிக்கலைன்னாலும் இப்படி ஏதாவது தட்டுப்பட்டா ஒளிச்சு வைக்காதீங்க. உங்க பிள்ளைகளுக்கும் இது இருக்கலாம். பயப்பட வேணாம்னு சொல்லி வைங்க."

திரும்பும் பஸ்ஸில் தம்பி வாயை மூடவில்லை. "சம்பந்திகிட்ட சொல்லிடுங்க."

"என்னன்னு? பொண்ணோட எலும்புல ஒரு முனை கூடுதலா இருக்கலாம்னா?"

"பின்னால அவங்களாத் தெரிஞ்சுக்கிட்டா மறைச்ச குடும்பம்னு பேராகும். நீங்க சொல்லலன்னா நான் சொல்வேன்."

தம்பி என்னிடம் இப்படிப் பேசியதே இல்லை. அன்று முழுக்க வேறொருவர் பெயரில் இருந்த துணிச்சல் போலிருக்கிறது.

மறுநாள் சம்பந்தி வீட்டு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். "எங்க பரம்பரைக்கு விலா எலும்பே ரெண்டு முனை" என்று பட்டம் வாங்கியதைச் சொல்வதுபோலத் தொடங்கினேன்.

சம்பந்தி நீளமாக மூச்சு விட்டார். "அவ்வளவுதானா? எங்க வீட்டுல எல்லாருக்கும் சர்க்கரை. பையனுக்கும் ஆரம்பிச்சிருக்கு. நீங்க ஜலதோஷம்கூட இல்லன்னு சொன்னதுக்கப்புறம் நாங்க எப்படி வாயத் திறக்கறது? ஏதாவது சாக்குச் சொல்லி நிறுத்திடலாம்னு இருந்தோம்."

அந்த ஜலதோஷத்தையாவது விட்டுக்கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் பையனுக்குச் சர்க்கரை என்ற விஷயத்தைப் பக்குவமாக எடுத்தேன். "அதை அவர் எங்கிட்ட முதல்லயே சொல்லிட்டாருப்பா" என்றாள். மறைக்கும் திறமை என்னோடு முடிந்துவிடும் என்று இத்தனை நாள் கவலைப்பட்டுக்கொண்டிருந்தேன்.

கல்யாணம் நடக்கப்போகிறது. விருந்தில் இனிப்பைப் பாதியாகக் குறைத்துவிட்டேன். ஏன் என்று கேட்கிறவர்களிடம், என் தங்கை கணவருக்குச் சர்க்கரை என்று சொல்லியிருக்கிறேன்.