நாற்பத்தொரு டிகிரியில் ஒடிகிற கோடு

"சராசரி எனக்கு வேண்டாம் சார். ஒட்டிப் பாத்த ஒவ்வொரு துண்டுக்கும் எடுத்த அசல் அளவைக் குடுங்க."

மும்பை செம்பூரில் பசை சோதிக்கும் அந்த லேபில் சேர்ந்த அன்றே ஜெபசெல்வியிடம் சொல்லிவிட்டார்கள்: ஹனீப் சாரிடம் எதை வேண்டுமானாலும் கேள், அசல் டேட்டாவை மட்டும் கேட்காதே. கேட்டே விட்டாள். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். கேட்காமல் அவளுக்கு எதுவும் கிடைத்ததில்லை.

"ஏம்மா, என் கணக்குல சந்தேகமா?"

"உங்க கோட்டுல சந்தேகம். சூடு ஏற ஏற பசை கொஞ்சங்கொஞ்சமா பலம் இழக்கும்னு நேர்கோடு போட்டிருக்கீங்க. எங்கப்பா தாராவியில பை ஒட்டுறாரு. மே மாசம், தகரக் கூரைக்குக் கீழ, வார் கொஞ்சங்கொஞ்சமா வுடாது சார். மொத்தமா பிச்சுக்கிட்டு வரும்."

"உன் வாய் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலு. எந்த ஸ்டேஷன்லயும் நிக்காது." சிரித்துக்கொண்டே ஃபைலைத் திறந்தார்.

திரையில் புள்ளிகள் கொட்டின. பத்துப் பத்து டிகிரிக்குச் சராசரி எடுத்ததில் மறைந்து கிடந்த சரிவு, இப்போது பட்டவர்த்தனமாகத் தெரிந்தது.

"கோட்டை ரெண்டா ஒடிக்கணும். எங்க ஒடிக்கலாம்னு மெஷினுக்கு முதல்ல நாமதான் குத்துமதிப்பா சொல்லணும். சொல்லு," என்றார் ஹனீப்.

"முப்பத்தஞ்சு."

மென்பொருள் ஒரு கெட்டுப்போன துண்டின் அளவில் மாட்டிக்கொண்டு முழித்தது. ஹனீப் நாற்பத்திரண்டு என்று தட்டினார். இரண்டு கோடுகளும் நாற்பத்தொன்றில் வந்து கைகோத்தன. அதோடு விட்டாரா? இரண்டாவது கோட்டை அழித்துவிட்டு, சடாரென விழுந்து தரையோடு தரையாகப் படுக்கும் ஒரு வளைவைப் போட்டார். புள்ளிகள் அதன்மேல் மணி கோத்த மாதிரி உட்கார்ந்தன.

ஜெபசெல்விக்கு வந்த சந்தேகம் மறந்தே போயிற்று. ஒரு செமஸ்டர் முழுக்க அவள் முட்டி மோதிய வித்தை. மனுசனுக்கு என்ன கண்ணு! பிறகுதான் உறைத்தது. நாற்பத்திரண்டை அவர் தேடவே இல்லை.

"சார், இதை ஏற்கெனவே போட்டுப் பாத்துட்டீங்க."

ஹனீப் கண்ணாடியைத் துடைத்தார். "சோதனைக்குக் காசு குடுக்கிற பசைக் கம்பெனி நேர்கோடுதான் கேக்குது. தொண்ணூத்தி மூணு சதவீதம் பொருந்துதே, போதாதா?"

"தண்டவாளம் தொண்ணூத்தி மூணு சதவீதம் சரியா இருந்தா வண்டி ஏறுவீங்களா?"

நேர்கோடு போட்ட ரிப்போர்ட்டை ஹனீப் அவள் பக்கம் நகர்த்தினார். இரண்டு கையெழுத்து இல்லாமல் அது வெளியே போகாது. அவருடையது ஏற்கெனவே இருந்தது.

அவள் இன்னொரு தடவை திரையைப் பார்த்தாள். என்ன அழகான வளைவு.

"இப்படிப் பொருந்துற ஒரு ஃபிட்டை நான் எங்கயும் பாத்ததில்ல சார். இதைப் போட்டுட்டு மறைக்கிறீங்களே, அதான் வயிறெரியுது." பையைத் தோளில் மாட்டினாள்.

"ஜெபா, கையெழுத்து?"

"திரையில இருக்கிறதைப் பிரிண்ட் எடுங்க. எத்தனை காப்பியில வேணும்னாலும் போடுறேன்."

கதவைத் திறந்துகொண்டு படியிறங்கிப் போனாள்.